படகு போகும்… திரும்பி வருமா?

சென்ற இதழில், வீட்டிலேயே செய்த சிறு படகைத் தானாகவே ஓட வைப்பது பற்றி எழுதியிருந்தோம். பேட்டரி, ஜி.பி.எஸ்., மோட்டார் எல்லாம் வாங்கி, படகையும் ஒட்டி முடித்துவிட்டவர்கள் இப்போது தண்ணீர்க் கரையில் நின்றுகொண்டு கேட்கும் கேள்விகள் இவை. பெயர் வெளியானால் வீட்டில் செலவுக் கணக்கு கேட்பார்கள் என்று பலரும் கெஞ்சியிருப்பதால், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டோம்.

கேள்வி: படகு தயார். முதலில் எந்த ஏரியில் விடலாம்? (திருச்சி)

பதில்: வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில். பேட்டரி முதல் கடைசித் திருகாணி வரை எல்லாவற்றையும் ஏற்றி மிதக்க விடுங்கள். 6 கிலோ படகு 6 லிட்டர் தண்ணீரைத் தள்ளித்தான் மிதக்கும். ஆர்க்கிமிடீஸ் யாருக்கும் தள்ளுபடி தருவதில்லை. மூக்கு தாழ்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்தால் முதலில் பேட்டரியை நகர்த்துங்கள், அதுதான் கனம். பிறகு ஒரு பக்க விளிம்பைத் தண்ணீர் மட்டம் வரை அழுத்திச் சட்டென்று விடுங்கள். தயங்காமல் நிமிர வேண்டும். உள்ளே செய்தித்தாள் துண்டுகளைப் பரப்பி, மூடியை இறுக்கி, மோட்டார் ஓடும்போது அரை மணி நேரம் கையால் பிடித்திருங்கள். திறக்கும்போது எந்தத் துண்டு நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் ப்ரொப்பெல்லர் தண்டு உள்ளே நுழையும் குழாய். அதில் கிரீஸ் நிரப்புங்கள். தொட்டியில் மூழ்கினால் கை விட்டு எடுக்கலாம். ஏரியில் மூழ்கினால் கைவிட்டுவிட வேண்டியதுதான்.

கேள்வி: தொட்டியெல்லாம் வேண்டாம், நேரே ஏரிக்கே போவோம் என்று நண்பர் அடம்பிடிக்கிறார். (விருதுநகர்)

பதில்: காசு அவர் போட்டதா, நீங்கள் போட்டதா?

கேள்வி: தெர்மாகோலில் படகின் உடலைச் செதுக்கி, மேலே ஃபைபர் துணி போட்டு ரெசின் பூசினேன். பூசப் பூச தெர்மாகோல் கரைந்து குழியாகிவிட்டது. ரெசின் கெட்டுப்போனதா? (நாகப்பட்டினம்)

பதில்: ரெசின் நன்றாகத்தான் இருக்கிறது, ஜோடிதான் பொருந்தவில்லை. ஃபைபர் படகுப் பட்டறைகளில் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஸ்டைரீன் இருக்கிறது. அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். எபாக்சி ரெசின் கரைக்காது, ஆனால் விலை அதிகம். சோதனைப் படகுக்கு இன்னும் சுலபமான வழி பி.வி.சி. பைப். 4 அங்குல பைப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டு, நான்கு முனைக்கும் மூடி, நடுவே ஒரு பலகை. பைப் இரண்டும் பாதி மூழ்கும்போது, தம் எடையையும் சேர்த்து ஒன்பது கிலோவுக்கு மேல் தாங்கும். அழகிப் போட்டியில் தோற்கும், கவிழ்வதில் இன்னும் மோசமாகத் தோற்கும்.

கேள்வி: வண்டியூர் தெப்பக்குளத்தில் சோதிக்கலாமா? நல்ல அகலம், அலையும் இல்லை. (மதுரை)

பதில்: கோயில் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கூடாது. ஆனால் அந்தக் குளத்திலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். தைமாதத் தெப்பத் திருவிழாவில் தெப்பம் தன் இஷ்டத்துக்கு மிதப்பதில்லை. பக்தர்கள் வடம் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். உங்கள் படகின் முதல் ஓட்டமும் வடத்தோடுதான் நடக்க வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், அது தண்ணீரில் அமிழ்ந்து ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும். மெல்லியதாக வாங்கி, பின்புறத்தில் உயரமான ஓர் இடத்தில் கட்டுங்கள். ஒருவர் ரிமோட்டைப் பார்க்க, இன்னொருவர் கயிற்றை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் பார்த்தால் இரண்டையும் பார்க்கவில்லை என்றே பொருள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் ஓட்ட யாரிடம் கேட்க வேண்டும்? (சிவகங்கை)

பதில்: கண்மாய் பஞ்சாயத்துடையதா, நீர்வளத் துறையுடையதா என்று விசாரித்து அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியமானவர் மீன்பாசி குத்தகை எடுத்தவர். சொல்லாமல் போனால், உங்கள் படகு அவருக்குப் புது வகை மீன் திருட்டாகத்தான் தெரியும். டீ வாங்கிக் கொடுத்துப் பேசினால் எங்கே ஆழம், எங்கே பாசி, எங்கே வலை கட்டியிருக்கிறது என்பதெல்லாம் வந்துவிடும். எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் அது கிடைக்காது. அவரிடம் பரிசல் இருந்தால் உங்கள் மீட்புப் படையும் தயார்.

கேள்வி: எந்தக் கரையில் நின்று படகை விட வேண்டும்? (ஈரோடு)

பதில்: காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் கரையில். நடு ஏரியில் மோட்டார் நின்றாலும், காற்றே படகை உங்களிடம் தள்ளிக்கொண்டு வரும். காற்று முதுகில் அடிக்கும் கரையில் நின்றால் எதிர்க்கரைக்கு நடக்கத் தயாராகுங்கள். நேரம் விடியற்காலை. கடலோர ஊர்களில் வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பிவிடும். அதற்குள் மூட்டை கட்டிவிடுங்கள்.

கேள்வி: பாதி வழியில் ரிமோட் சிக்னல் அறுந்துபோனால் படகு என்ன செய்யும்? (தூத்துக்குடி)

பதில்: நீங்கள் என்ன சொல்லி வைத்தீர்களோ அதை. எதுவுமே சொல்லி வைக்காவிட்டால் ஆபத்து. சில ரிசீவர்கள் சிக்னல் போனதும் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். அது முழு வேகம் என்றால், பேட்டரி தீரும்வரை முழு வேகம்தான்.

இதை ஏரியில் கண்டுபிடிக்கக் கூடாது. தொட்டியில் படகைப் பிடித்துக்கொண்டு, மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட விட்டு, ரிமோட்டை அணையுங்கள். ஓரிரு நொடியில் மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்றைய வேலை முடிந்தது, ஏரிக்குப் போகாதீர்கள். நின்றால், ஏரியில் கயிற்றோடு ஒருமுறை இதையே செய்து பாருங்கள். அங்கே ‘நில்’ என்பதா, ‘திரும்பி வா’ என்பதா என்பது உங்கள் முடிவு. பேட்டரி குறைந்தால் என்ன, ஜி.பி.எஸ். போனால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஜி.பி.எஸ். போனால் மட்டும் மோட்டாரை நிறுத்துவதே நல்லது. தான் இருக்கும் இடம் தெரியாத படகு ஓடுவதைவிட மிதப்பது மேல்.

இன்னொன்று: ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். ஆன்டெனா தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருந்தால், தரையில் கிடைத்த தூரத்தில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். ஒரு குச்சி நட்டு ஆன்டெனாவை முடிந்த அளவு உயர்த்துங்கள்.

கேள்வி: படகிலிருந்து கரைக்குத் தகவல் வர 915 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ வாங்கினேன். வெளிநாட்டில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். (திருப்பூர்)

பதில்: அமெரிக்காவில் அந்த அலைவரிசை எல்லோருக்கும் பொது. இந்தியாவில் அது உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பட்டியலில் இல்லை; செல்போன்களுக்கான அலைவரிசை அங்கேயே உரசிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் உரிமம் வேண்டாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘வீட்டுக்குத் திரும்பு’ என்று கட்டளை கொடுத்தேன். படகு நேராக வந்து கரையில் முட்டி, அதற்கு மேலும் ஏறப் பார்த்தது! (கும்பகோணம்)

பதில்: கீழ்ப்படிதலுள்ள படகு. ஆர்டுபைலட் போன்ற மென்பொருளில், மோட்டாரை முதலில் உயிர்ப்பிக்கும் இடமே ‘வீடு’ என்று பதிவாகிவிடும். நீங்கள் கார் டிக்கியில் வைத்து உயிர்ப்பித்திருப்பீர்கள், அது டிக்கியைத் தேடி வந்திருக்கிறது. படகைத் தண்ணீரில் வைத்து, ஜி.பி.எஸ். நிலைக்கட்டும் என்று சில நிமிடம் பொறுத்து, அதன் பிறகு உயிர்ப்பியுங்கள். திரும்பி வரும் பாதை நேர்க்கோடு என்பதையும் மறக்க வேண்டாம். நடுவே திட்டோ, கருவேல மரமோ இருந்தால் அதன் மேல்தான் ஏறும். போன தடத்திலேயே திரும்பும் வசதியும் அந்த மென்பொருளில் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ப்ரோகிராம் நானே எழுதினேன். கிழக்கு, மேற்கு, தெற்கு எல்லாம் ஒழுங்காகப் போகிறது. வடக்கே போகச் சொன்னால் மட்டும் தன்னைத்தானே சுற்றுகிறது. வாஸ்துக் கோளாறா? (சேலம்)

பதில்: கழித்தல் கோளாறு. படகு 359 பாகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் 1 பாகைக்குப் போகச் சொல்கிறீர்கள். உண்மையில் வலப்பக்கம் 2 பாகை திரும்பினால் போதும். உங்கள் ப்ரோகிராமோ ஒன்றிலிருந்து 359-ஐக் கழித்து, இடப்பக்கம் 358 பாகை திரும்பக் கிளம்புகிறது. திரும்பி முடிப்பதற்குள் அலை கொஞ்சம் தள்ளும், மறுபடி அதே கணக்கு. கழித்து வரும் விடை 180-ஐத் தாண்டினால் 360-ஐக் கழியுங்கள். மைனஸ் 180-க்குக் கீழே போனால் 360-ஐக் கூட்டுங்கள். இரண்டே வரி. இதைச் சோதிக்க ஏரி வேண்டாம், படகு வேண்டாம். மேசை மேல் காம்பஸைக் கையால் சுற்றினாலே தெரிந்துவிடும்.

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் என் படகு, கிழக்கு மேற்காகப் போகும்போது தன் இடத்தை முக்கால் மீட்டர் முக்கால் மீட்டராகத் தாண்டித் தாண்டிக் காட்டுகிறது. ஜி.பி.எஸ். பழுதா? (கோவை)

பதில்: ஜி.பி.எஸ். அப்பாவி. ஊனோவில் தசம எண்ணுக்குக் கிடைப்பது சுமார் ஏழு இலக்கம்தான். கோவையின் தீர்க்க ரேகை 76-ல் தொடங்குகிறது. முன்னால் இரண்டு இலக்கம் போய்விட்டால், மிச்சத்தில் முக்கால் மீட்டருக்கும் சற்று அதிகமான படிகளாகத்தான் எண்ண முடியும். அட்சரேகை 11 என்பதால் அங்கே படி சுமார் 10 சென்டிமீட்டர், அதனால் வடக்கு தெற்கில் உங்களுக்குத் தெரியவில்லை. ‘டபுள்’ என்று மாற்றி எழுதினாலும் ஊனோவில் அதே கதைதான். பாகையைக் கோடியால் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டுபைலட்டும் அப்படித்தான் வைத்திருக்கிறது.

கேள்வி: ஜி.பி.எஸ். இருக்கும்போது காம்பஸ் எதற்கு? (திருநெல்வேலி)

பதில்: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஜி.பி.எஸ். சொல்லும். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லாது. ஓடும்போது போன தடத்தை வைத்து ஊகிக்கலாம், நின்றுவிட்டால் அதுவும் போச்சு. காற்றில் படகு பக்கவாட்டில் நகர்ந்தால், மூக்கு கிழக்கே இருக்கும்போது ‘வடக்கே போகிறோம்’ என்று நினைத்துக்கொள்ளும்.

காம்பஸ் விஷயத்தில் உங்கள் ஊருக்குப் பூமியே சலுகை தந்திருக்கிறது. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பது அதனால்தான். அங்கே பூமியின் காந்தப்புலம் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருக்கிறது. அதனால் அலையில் படகு சாய்ந்தாலும் திசை அதிகம் பிசகாது. ஐரோப்பாவில் அந்தப் புலம் வெகு சரிவாகப் பூமிக்குள் பாய்வதால், சற்றுச் சாய்ந்தாலே திசை தப்பும். இவ்வளவு சலுகை கிடைத்த பிறகும் காம்பஸை மோட்டார் வயருக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். மோட்டாரை அணைத்துத் திசையைப் பாருங்கள், பிறகு முழு வேகத்தில் ஓட விட்டுப் பாருங்கள். எண் ஐந்து பத்து பாகை நகர்ந்தால் காம்பஸைக் குச்சியில் ஏற்றுங்கள்.

கேள்வி: நேராகப் போகச் சொன்னால் நெளிந்து நெளிந்து போகிறது. (ஓசூர்)

பதில்: புதிதாகச் சைக்கிள் பழகுபவர் ஹேண்டில்பாரை ஒடித்து ஒடித்துத் திருப்புவாரே, அதேதான். சிறு தவறுக்குப் பெரிய திருத்தம் போடுகிறது. படகு சறுக்கி மறுபக்கம் போய்விடுகிறது. அங்கிருந்து மறுபடி ஒரு பெரிய திருத்தம். திசை திருத்தும் அளவை ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். படகு சோம்பேறித்தனமாக வளைந்து, கோட்டுக்குத் தாமதமாக வந்து சேரும் கட்டம் வந்ததும், ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள். வேகத்தை மாற்றினால் இந்த அளவும் மாறும். ஆகவே எந்த வேகத்தில் ஓட்டப்போகிறீர்களோ அந்த வேகத்திலேயே சரிசெய்யுங்கள்.

கேள்வி: குறித்த புள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அடுத்த புள்ளிக்குப் போகாமல் அதையே சுற்றி வருகிறதே? (புதுச்சேரி)

பதில்: ‘ஒரு மீட்டருக்குள் வந்தால்தான் வந்ததாகக் கணக்கு’ என்று சொல்லியிருப்பீர்கள். சாதாரண ஜி.பி.எஸ். தவறுவதே இரண்டு மூன்று மீட்டர். படகு திரும்பவும் அதற்கென்று ஒரு வட்டம் வேண்டும். ஐந்து மீட்டர் என்று தாராளமாக வையுங்கள். வரிசையில் முன்னே நிற்பவரைத் தொட்டுத்தான் ஆக வேண்டுமா என்ன?

கேள்வி: ஆகாயத்தாமரை ப்ரொப்பெல்லரில் சிக்குகிறது. என்ன செய்யலாம்? (காஞ்சிபுரம்)

பதில்: வேறு குளம் பார்க்கலாம். அதுவும் முடியாதென்றால், தண்ணீருக்குள் எதுவுமே சுழலாதபடி, படகின் மேல் விசிறி வைத்துக் காற்றைப் பின்னால் தள்ளி ஓட்டலாம். சத்தம் அதிகம், எதிர்க்காற்றில் திணறும், விரலுக்கும் ஆபத்து. விசிறியைச் சுற்றிக் கட்டாயம் கம்பி வலை போடுங்கள். ஆகாயத்தாமரையைவிட மோசமானது தூண்டில்காரர் அறுத்துவிட்டுப் போன நரம்பு. கண்ணுக்குத் தெரியாது, தண்டில் சுற்றினால், தண்ணீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ கிழிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, சத்தியம். ஆனாலும் உள்ளே ஈரம்! (கொடைக்கானல்)

பதில்: தண்ணீர் ஏரியிலிருந்து வரவில்லை, நீங்களே உள்ளே வைத்துப் பூட்டியது. ஈரக் காற்றோடு மூடிய பெட்டி குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும், அந்த ஈரம் சுவரில் வியர்க்கிறது. மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றை உள்ளே போடுங்கள். சர்க்யூட் போர்டைப் பெட்டியின் அடியில் வைக்காமல் உயர்த்திக் கட்டுங்கள்.

கேள்வி: 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. எவ்வளவு தூரம் போகலாம்? (கரூர்)

பதில்: அவசரக்காரருக்குக் கொஞ்சம், பொறுமைசாலிக்கு நிறைய. ஒரு மீட்டர் நீளப் படகுக்கு மணிக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர்தான் இயல்பான உச்ச வேகம். அதற்கு மேல் விரட்டினால், தான் கிளப்பிய அலையின் மேலேயே ஏற வேண்டியிருக்கும். அந்த உச்ச வேகத்துக்கு 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். பேட்டரியில் எண்பது சதவீதம்தான் பயன்படுத்தலாம் என்றால் அரை மணி நேரம், இரண்டே கால் கிலோமீட்டர். வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும்: ஒரு ஆம்பியர், நான்கு மணி நேரம், ஒன்பது கிலோமீட்டர். இது ஏட்டுக் கணக்கு. காற்றும் மற்ற மின்னணுச் சாமான்களும் தங்கள் பங்கைக் கேட்கும். எனவே போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, மீதி ஒரு பங்கைத் தொடாதீர்கள். லைப்போ பேட்டரி என்றால், செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட் ஆனதும் படகு கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

கேள்வி: கேமரா வைத்துச் சிவப்பு, பச்சை மிதவைகளுக்கு நடுவே ஓட வைக்க ஆசை. எந்தப் பக்கம் எந்த நிறம்? (எண்ணூர்)

பதில்: இந்தியாவில் கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு உங்கள் இடப்பக்கம். அமெரிக்கா, ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸில் நேர் எதிர். யாரோ எழுதிய ப்ரோகிராமை எடுத்துப் போடுவதற்கு முன் அவர் எந்த ஊர்க்காரர் என்று விசாரியுங்கள். காலை, மாலைச் சாய்வெயிலில் தண்ணீரின் பளபளப்பு கேமராவை ஏமாற்றும். அந்த நேரத்திலும் ஒருமுறை சோதியுங்கள்.

கேள்வி: கடலில் எப்போது விடலாம்? (யாழ்ப்பாணம்)

பதில்: குளத்தில் அலுத்துப்போகும் அளவுக்கு ஒழுங்காக ஓடிய பிறகு. கடல்நீர் சற்றுக் கனம் என்பதால், படகு ஒரு நூல் உயர்ந்து மிதக்கும். கடல் தரும் சலுகை அதோடு முடிந்தது. உப்பு ஒவ்வொரு கம்பி முனையையும் அரிக்கும், எனவே கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆளில்லாமல் வரும் படகைப் பார்த்து யாரும் ‘விளையாட்டுச் சாமான்’ என்று நினைக்க மாட்டார்கள். அங்கே கடற்படைக்கும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும், இங்கே தமிழகக் கரை என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கும் சொல்லாமல் விடாதீர்கள். வலை விரித்திருக்கும் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் பொழுதுபோக்குக்காக இன்னொருவர் பிழைப்பு கிழியக் கூடாது.

கேள்வி: இதில் ஏ.ஐ. இருக்கிறதா? (சென்னை)

பதில்: புள்ளிக்குப் புள்ளி போகும் படகில் இருப்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஏ.ஐ. இருந்தாலும் இரும்பு இரும்புதான். ஐ.பி.எம்., ப்ரோமேர் கூட்டில் உருவான 15 மீட்டர் ‘மேஃப்ளவர்’ ஆளில்லாக் கப்பல், 2021 ஜூனில் அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பி, சில நாளிலேயே திருப்பி அழைக்கப்பட்டது. காரணம் ஏ.ஐ. அல்ல, ஒரு எந்திரக் கோளாறு. 2022-ல் மறுபடி கிளம்பி, ஜூன் மாதம் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தது. போக நினைத்தது அமெரிக்காவுக்கு!

கேள்வி: ஆளில்லாத படகை முதலில் ஓட்டிக் காட்டியவர் யார்? (திண்டுக்கல்)

பதில்: நிகோலா டெஸ்லா. 1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ஒரு தொட்டியில் ரேடியோவால் இயங்கும் படகைக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் காப்புரிமையும் வாங்கினார். அவரே தொட்டியில்தான் காட்டினார் என்பதைக் கவனியுங்கள், விருதுநகர் நண்பரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் செய்த படகு கடலைத் தாண்டியதாக வரலாறு உண்டா? (நாகர்கோவில்)

பதில்: உண்டு. டேமன் மக்மில்லன் என்ற அமெரிக்கர் தன் வீட்டில் கட்டிய ‘சீசார்ஜர்’, சூரிய மின்சாரத்தில் ஓடும் படகு. 2016 மே மாத இறுதியில் கலிபோர்னியாவிலிருந்து கிளம்பி, ஒரு மாதத்துக்கு மேல் தன்னந்தனியாக ஓடி ஹவாய் சேர்ந்தது. அவர் அதோடு விடாமல் நியூசிலாந்துக்குத் திருப்பிவிட்டார். போய்ச் சேர்வதற்கு முன்பே சுக்கான் பழுதாகி, வழியில் போன சரக்குக் கப்பல் ஒன்று தூக்கிக்கொண்டது.

அட்லாண்டிக்குக்கு ‘மைக்ரோட்ரான்சாட்’ என்றே ஒரு போட்டி இருக்கிறது. படகு 2.4 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 2010-லிருந்து கிளம்பிய படகுகள் மீன்பிடிக் கப்பல்களிலும் பாறைக் கரைகளிலும் போய்ச் சேர்ந்தன. சில எங்கே போயின என்றே தெரியாது. 2018-ல்தான் நார்வேயின் ‘செயில்பாய்’ கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை சுமார் 80 நாளில் போய் முதல் வெற்றியைப் பெற்றது. எட்டு வருஷத் தோல்வியை வெட்கமில்லாமல் எழுதி வைத்தவர்களால் வந்த வெற்றி அது.

கேள்வி: ‘இதனால் என்ன பிரயோஜனம்?’ என்று வீட்டம்மா கேட்கிறார். (வேலூர்)

பதில்: ஏரியின் வயிற்றைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். படகின் அடியில் ஒரு எதிரொலிமானியை மாட்டி, ஏரியைக் கோடு கோடாக உழ விட்டால் ஆழப் படம் கிடைக்கும். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகிறது. 3 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 4 மில்லி நொடிதான். மழைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்தால் எங்கே எவ்வளவு வண்டல் சேர்ந்தது என்று ஊருக்கே காட்டலாம். ‘செயில்ட்ரோன்’ என்ற ஆளில்லாப் படகு 2021-ல் சாம் புயலுக்கு நடுவிலேயே போய்ப் படம் பிடித்தது. நம் நாட்டில் ‘மாதங்கி’ என்ற தானியங்கிப் படகு, மும்பையிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் பயணத்துக்கு 2024 அக்டோபரில் கொடியசைத்து அனுப்பப்பட்டது. இவ்வளவும் சொல்லியும் வீட்டம்மா மசியாவிட்டால், முதல் படகுக்கு அவர் பெயரை வையுங்கள். மூழ்காமல் பார்த்துக்கொள்ள அது ஒரு கூடுதல் காரணம்.

கேள்வி: ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. ஒரே நாளில் மோட்டார், ப்ரொப்பெல்லர், ப்ரோகிராம் மூன்றையும் மாற்றிச் சோதித்துவிடலாமா? (தேனி)

பதில்: சோதிக்கலாம். கெட்டால் எதனால் கெட்டது என்று தெரியாது, நன்றாக ஓடினாலும் எதனால் என்று தெரியாது. ஓர் ஓட்டத்துக்கு ஒரு மாற்றம். கிளம்பும் முன் ‘இது நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்’ என்று நோட்டில் ஒரு வரி. வந்த பிறகு நடந்தது ஒரு வரி. படகின் பதிவுக் கோப்பை அன்றைக்கே கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள். அடுத்த ஞாயிறு வரை அது அப்படியே இருக்கும், உங்கள் ஞாபகம் இருக்காது.

கேள்வி: படகின் மேல் என்ன எழுதலாம்? ‘கடல் ராணி’ என்று யோசித்தேன். (கடலூர்)

பதில்: ராணிக்குக் கீழே உங்கள் செல்போன் எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். கூடவே ‘பரிசோதனைப் படகு, ஆபத்தில்லை, கிடைத்தால் அழைக்கவும்’ என்று தமிழில். கறுப்புப் பெட்டி, வெளியே நீட்டிய வயர், மினுக்கும் சிவப்பு விளக்கு என்று படகை அலங்கரித்துக் கரையில் ஒதுங்க விட்டால், உங்களுக்கு முன்னால் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து சேர்வார்கள். மேல்பக்கம் ஆரஞ்சு வண்ணம் அடியுங்கள். நீலமும் பச்சையும் தண்ணீரில் காணாமல் போக வசதியான நிறங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் படகு நடுக் கண்மாயில் நின்றுவிட்டது. எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். இறங்கி எடுத்து வந்துவிடட்டுமா? (ராமநாதபுரம்)

பதில்: கூடாது. கண்மாயில் மண் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. பாசி காலைப் பிடிக்கும், சேறு உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்கள்தான் நம்பி இறங்குகிறார்கள். காற்று கரைக்குத் தள்ளும்வரை காத்திருங்கள். தூண்டில் கழியில் ரப்பர் பந்தும் கொக்கியும் கட்டி வீசிப் பாருங்கள். பரிசல்காரரைக் கூப்பிடுங்கள், பரிசலில் போவதானாலும் உயிர்க்காப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் நடக்காவிட்டால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய், காலையில் வாருங்கள். படகு எங்கும் ஓடிவிடாது. ஓடிவிட்டால்தான் அது தானியங்கிப் படகாயிற்றே, திருப்பி அழைக்கலாம்.

படகைத் திரும்ப வரவைப்பது எப்படி என்று இந்த இதழ் முழுக்கச் சொல்லியாயிற்று. கரையில் நிற்பவர் வீடு திரும்புவது அதைவிட முக்கியம். தனியாகப் போகாதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கண்ணை எடுக்காதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும் படகின் பின்னால் தண்ணீரில் இறங்காதீர்கள்.